ஆப்பிள் தோலில் உள்ள கறை எந்தப் பூஞ்சையால் வந்தது? பெட்டி திறப்பது முதல் பழம் ஒதுக்குவது வரை முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தையில் ஆப்பிள் பெட்டிகளை எடுத்து, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை வட்டாரங்களில் சில்லறையாக விற்பவர்களுக்காகவும், அவர்களிடம் பழம் பிரிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நம் சந்தைக்கு வரும் ஆப்பிள் எல்லாம் கடல் கடந்து வருவது. ஆகவே மரத்தையும் இலையையும் பார்த்து நோயை முடிவுசெய்யும் வசதி நமக்கில்லை. கையிலுள்ள பழமும் அது வந்த பெட்டியும் மட்டுமே சான்று.

புதியவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆப்பிளின் அழுகல்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு பழுப்பு நிறத்தில்தான் தொடங்குகின்றன என்பதால், நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கும் போய்ச் சேர முடியாது. கறை தோலின் மேலே நிற்கிறதா, தோலோடு நிற்கிறதா, சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றக் கூடாது. பின்னால் வரும் ஒவ்வொரு படியும் முன்னால் உள்ள படிக்குத் தேவையான சான்றை அழித்துவிடும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்கு, பருத்தித் துணி, சிறிய கூரான கத்தி, கத்தியைத் துடைக்க 70 விழுக்காட்டு ஆல்கஹால், அழியாத மை பேனா, மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாக்கள், டிஷ்யூ தாள், ஓர் அளவுகோல், குறிப்பேடு. இவ்வளவுதான். பூஞ்சைத் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு இழுப்பு வரும் என்பதால் முகக்கவசமும் அணிந்துகொள்வது நல்லது.

விளக்கைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். பழக்கடைகளிலும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) தட்டுகளிலும் தொங்கும் மஞ்சள் விளக்குகள் பழத்தை அழகாகக் காட்டுவதற்காக மாட்டப்பட்டவை. அந்த ஒளியில் வெளிர்பழுப்பு அழுகல் பழத்தின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். பழம் பிரிக்கும் மேசைக்கு வெள்ளை விளக்குத்தான் வேண்டும்.

2. பழத்தின் வியர்வை உலரும்வரை தொடாமல் இருக்கவும்

ஆப்பிள் சேமிப்பில் 0 முதல் 1 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருந்துவிட்டு வருகிறது. அதைக் கோலாலம்பூரின் ஈரமான, 30 டிகிரியை ஒட்டிய காற்றில் திறந்ததும் தோல் முழுவதும் நீர்த்துளிகள் படியும். ஈரத்தோடு துடைத்தால், ஒரு பழத்தின் மேலிருக்கும் பூஞ்சை வித்துகளை மற்றப் பழங்களுக்கெல்லாம் நாமே பூசிவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. மெழுகு பூசிய ஆப்பிளில், குறிப்பாக ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த மெழுகு பூசியதில், இந்த வியர்வையால் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். புதியவர்கள் இதைப் பூஞ்சை என்று எண்ணி நல்ல பழத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் இழைகளோ தூளோ தெரியாது. படலம் தோலோடு ஒட்டி, சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் பழத்தைக் கழுவக் கூடாது. கழுவினால் அடையாளம் காட்ட வேண்டிய வித்துகள் தண்ணீரோடு போய்விடும்.

3. பழத்தைப் பார்க்கும் முன் பெட்டியைப் படிக்கவும்

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள தாளிலிருந்து நாடு, ரகம், எண்ணிக்கை, இருந்தால் பொதித்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும். 100, 113, 125 போன்ற எண்கள், சுமார் 18 கிலோ எடையுள்ள பெட்டியில் எத்தனை பழங்கள் அடங்கும் என்பதைக் காட்டுபவை. அவற்றை நாளாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

நாடும் மாதமும் சேர்ந்து பழத்தின் வயதைச் சொல்லிவிடும். சீனா, அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய வடபகுதி நாடுகளில் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நடக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் நியூசிலாந்திலும் ஆண்டின் முற்பகுதியில் நடக்கிறது. ஜூன் மாதத்தில் நம் கைக்கு வரும் வாஷிங்டன் ஆப்பிள் பல மாதங்கள் குளிர்க்கிடங்கில் இருந்தது என்று தெரிந்துவிட்டால், நீண்ட சேமிப்புக்குப் பிறகு தலைகாட்டும் புல்ஸ் ஐ (காளைக்கண்) என்ற பூஞ்சை அழுகலை முதலில் சந்தேகிக்கலாம்.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதி வறண்டது, பாசனத்தை நம்பியது. மழையில் நனையும் தோட்டங்களில் பரவும் சொறி நோயும் கரும்புகைப் படலமும் அங்கிருந்து வரும் பழத்தில் குறைவு. கோடையில் மழையும் வெப்பமும் சேரும் கிழக்குச் சீனத் தோட்டங்களின் ஃபூஜி ரக ஆப்பிளில் கசப்பு அழுகலையும், அங்கு வளைய அழுகல் என்று அறியப்படும் பொட்ரியோஸ்பேரியா அழுகலையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இது சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு அன்று. தாளைப் படித்தவுடன் நோயின் பெயரை எழுதிவிடுபவர்கள் அதற்குப் பிறகு பழத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை.

அடுத்து, கெட்ட பழங்கள் பெட்டிக்குள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பழங்கள் கூட்டமாக அழுகியிருந்தால், அது பழத்திலிருந்து பழத்துக்குத் தாவும் சாம்பல் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், தோட்டத்திலேயே தொற்றியிருக்கும், அல்லது காயத்தின் வழியே நுழைந்திருக்கும். பழங்களை எடுத்துக் கலைத்த பிறகு இந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. எனவே தட்டைத் தூக்கும் முன் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிடவும்.

4. லென்ஸில் பார்த்த பின்னரே துடைக்கவும்

கறையின் மேல் தூளோ இழையோ கரும்புள்ளியோ இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். பிறகு சற்று ஈரமான துணியால் அழுத்தித் தேய்க்கவும். கறை மங்கினால் அது தோலின் மேல் வாழ்கிறது.

கரும்புகைப் படலம், பெயருக்கு ஏற்றபடி, ஆலிவ் பச்சையும் கருமையும் கலந்த மங்கலான திட்டு; ஓரம் தெளிவாக இராது. இது ஒரே பூஞ்சையின் வேலை அன்று. பல இனங்கள் தோலின் மெழுகுப் படலத்தின் மேல் சேர்ந்து வளர்வதால் வருவது. ஈப்புள்ளி அதன் கூட்டாளி. பளபளக்கும் மிகச்சிறிய கரும்புள்ளிகள், சிலவோ பலவோ, கூட்டமாக ஓரிடத்தில் தெளித்ததுபோல் இருக்கும். “அண்ணே, இதுல பூச்சி முட்ட வெச்சிருக்கு” என்று கடைப்பையன்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பூச்சி முட்டையாக இருந்தால் நகத்தால் நெம்பியதும் பெயர்ந்து வரும்; ஈப்புள்ளி அவ்வளவு எளிதாக வராது.

இரண்டும் சதையைத் தொடுவதில்லை. பழம் உண்ணத் தக்கது. ஆனால் விற்பனை வேறு கணக்கு. தைப்பூசம், தீபாவளி நாட்களில் அர்ச்சனைத் தட்டுக்கு ஆப்பிள் வாங்குபவர்கள் புள்ளியுள்ள பழத்தைத் தொடமாட்டார்கள் என்பதால், இவற்றை வெட்டி விற்கும் பழக்கலவைக்கும் பழச்சாற்றுக்கும் தனியே ஒதுக்குவது சரி. படலம் பிடித்த பழம் ஈரத்தைச் சற்று விரைவாக இழந்து சுருங்கும். முதலில் விற்றுத் தீர்க்க வேண்டியதும் அதுவே.

5. விரலால் தடவவும்

துடைத்தும் போகாத கறையைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண் நிறத்தில் மயங்கும்; விரல் மயங்காது.

சொரசொரப்பாக, தக்கைபோல் தடித்து, சில இடங்களில் வெடித்திருந்தால் அது வெஞ்சூரியா இனீக்வாலிஸ் என்ற பூஞ்சை தரும் சொறி நோய். இளங்காயில் ஆலிவ் நிற வெல்வெட்டுப் புள்ளியாகத் தொடங்குவது, பழம் வளர வளரத் தக்கையாகிறது. பழம் சிறிதாக இருந்தபோது தொற்றியிருந்தால் அந்தப் பக்கம் வளராமல் கோணலாக நிற்கும். அறுவடைக்குச் சற்று முன் தொற்றினால் தோட்டத்தில் ஒன்றும் தெரியாது. சேமிப்பில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளாக வெளிப்படும். இந்தப் புள்ளிகளை ஈப்புள்ளி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஈப்புள்ளி பளபளக்கும், சொறிப்புள்ளி மங்கி, லேசாகக் குழிந்திருக்கும்.

மெல்லிய வலைபோன்ற சொரசொரப்பு பழம் முழுவதும் பரவியிருந்தால், இளமையில் தாக்கிய சாம்பல் நோயின் (பவுடரி மில்டியூ; கீழே வரும் சாம்பல் பூஞ்சை வேறு) வடுவாக இருக்கலாம். காம்புக்குழியைச் சுற்றி மட்டும் இருக்கும் துருநிறச் சொரசொரப்பு பல ரகங்களுக்கு இயல்பானது, நோயன்று. நடுவில் சாம்பல் நிறப் பொட்டும் அதைச் சுற்றிச் சிவப்பு வளையமும் இருந்தால், அது செதில் பூச்சி உட்கார்ந்த இடம்.

6. அழுத்திப் பார்க்கவும், தொடங்கிய இடத்தைத் தேடவும்

கட்டைவிரலால் கறையின் நடுவிலும் ஓரத்திலும் மெதுவாக அழுத்தவும். தண்ணீராக அமுங்கினால் நீலப் பூஞ்சை, வெள்ளை அழுகல், ரைசோபஸ் என்ற பூஞ்சை ஆகியவற்றில் ஒன்று. பஞ்சுபோல் அமுங்கி நீர் விடாமல் இருந்தால் சாம்பல் பூஞ்சை. தோல் பதனிட்டதுபோல் கடினமாக இருந்தால் கருப்பு அழுகல் அல்லது புல்ஸ் ஐ.

தொடங்கிய இடம் அதைவிடப் பெரிய தடயம். தோலின் நுண்துளையை மையமாகக் கொண்டு, வெளிர்பழுப்பு நடுவும் கருமையான ஓரமுமாக வட்டம் இருந்தால் புல்ஸ் ஐ. காம்பு குத்திய கீறல், நகம் பட்ட காயம், பெட்டி இடித்த இடம் ஆகியவற்றிலிருந்து புறப்பட்டிருந்தால் நீலப் பூஞ்சை. பூமுனையில், அதாவது பூவின் காய்ந்த புல்லிதழ்கள் ஒட்டியிருக்கும் அடிப்பகுதியில், தொடங்கியிருந்தால் கருப்பு அழுகலையும் சாம்பல் பூஞ்சையையும் சந்தேகிக்கலாம்.

7. கறையின் ஓரத்தில் கோடு போட்டு ஒரு நாள் விடவும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிச் செல்கிறார்கள். கறையின் விளிம்பிலேயே மையால் சுற்றிக் கோடு போட்டு, தேதியை எழுதி, அறை வெப்பத்தில் ஓரிரு நாள் வைக்கவும். உயிருள்ள அழுகல் கோட்டைத் தாண்டும். அடிபட்ட தழும்பும், கால்சியம் குறைவால் வரும் கசப்புக் குழியும், பழைய சொறியும் தாண்டுவதில்லை.

கோலாலம்பூருக்கு இது மிகவும் பொருந்தும். கசப்பு அழுகலைத் தரும் கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சையும், வெள்ளை அழுகலைத் தரும் பொட்ரியோஸ்பேரியா டோத்திடியாவும் 26 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் வேகமாக வளர்பவை. குளிர்க்கிடங்கில் ஏறக்குறைய உறங்கிக் கிடப்பவை. பெட்டி திறந்தபோது மிளகளவு இருந்த புள்ளி கடைத்தட்டில் ஐந்து காசு அளவாவதற்கு இதுவே காரணம். நீலப் பூஞ்சையும் சாம்பல் பூஞ்சையும் 0 டிகிரியிலும் மெதுவாக வளர்ந்துகொண்டே வந்தவை. அவை பெட்டி திறக்கும்போதே பெரிதாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கை நினைவில் வைக்கவும். கிரானி ஸ்மித், ரெட் டெலிஷியஸ் ரகங்களில் சேமிப்புக் கருகல் என்ற தோல் பழுப்பு, குளிரிலிருந்து வெளியே எடுத்தபின் சில நாட்களில் அதிகமாகும். கோட்டைத் தாண்டினாலும் அது பூஞ்சை அன்று. விளிம்பு ஒழுங்கற்றிருக்கும், சதை வெள்ளையாகவே இருக்கும்.

8. கறையின் நடுவில் வெட்டவும்

கத்தியை ஆல்கஹாலால் துடைத்து, கறையின் மையத்தின் வழியே பழத்தின் நடு வரை வெட்டவும். ஓரத்தில் சீவிப் பார்ப்பவர்களுக்கு அழுகலின் உருவம் தெரியாது. அந்த உருவத்தில்தான் விடை இருக்கிறது.

மேலே அகன்று உள்ளே போகப் போகக் குறுகி, ஆப்பு அடித்ததுபோல் இறங்கியிருந்தால் கசப்பு அழுகல். தோலில் குழிந்த வட்டமும், வட்டத்துக்குள் வட்டமாக வளையங்களும் இருந்தால் முடிவு இன்னும் உறுதியாகும்.

அகலம் குறையாமல் உருளைபோல் நடுத்தண்டை நோக்கி இறங்கினால் வெள்ளை அழுகல். வெப்பத்தில் வளர்ந்தது வெளுத்து மென்மையாக இருக்கும். குளிரில் வளர்ந்தது கருத்துக் கடினமாகி, கருப்பு அழுகலைப் போலவே தெரியும். ஆகவே நாட்கணக்கில் குளிர்பெட்டியிலிருந்த பழத்தை வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். அதே பெட்டியில் வெளியே வைத்திருந்த பழத்தை வெட்டிப் பாருங்கள்.

நீலப் பூஞ்சைக்கான சோதனை மிக எளிது. கெட்ட பகுதியைக் கரண்டியால் கிண்டினால் முழுதாகப் பெயர்ந்து வந்துவிடும். நல்ல சதையில் சுத்தமான கிண்ணம்போல் பள்ளம் நிற்கும். புழுக்க வாடையும் அடிக்கும். சாம்பல் பூஞ்சையில் கெட்டதும் நல்லதும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கரண்டி பிரிக்காது.

தோலுக்கு நேர் கீழே காய்ந்த பழுப்புத் தக்கை சிறு சிறு பொட்டுகளாக, பூமுனைப் பக்கத்தில் அதிகமாக இருந்தால் அது கசப்புக் குழி, பூஞ்சை அன்று. பெயர் நெருங்கியிருப்பதால் கசப்பு அழுகலோடு குழப்பிக்கொள்கிறார்கள். குழி உலர்ந்திருக்கும், வளராது. அழுகல் ஈரமாக இருக்கும், வளரும்.

வெளியில் ஒரு குறையும் இல்லாத ரெட் டெலிஷியஸையோ ஃபூஜியையோ வெட்டியதும் விதையறையில் கருப்பாகவோ சாம்பலாகவோ பூஞ்சை தெரிவது உண்டு. பூமுனையிலிருந்து விதையறைவரை திறந்த குழாயுள்ள பழங்களில் ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகள் அவ்வழியே நுழைகின்றன. வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாதிரிக்குச் சில பழங்களை வெட்டுவது ஒன்றே வழி.

9. சந்தேகம் மீந்தால் ஈரப்பெட்டியில் வைக்கவும்

டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளை விரித்து, அதன் மேல் சிறு மூடியொன்றைக் கவிழ்த்து, பழம் தண்ணீரைத் தொடாதபடி வைத்து மூடவும். தண்ணீர் தேங்கினால் பாக்டீரியா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். இதற்கு வெட்டாத பழத்தை எடுங்கள். எட்டாம் படியில் வெட்டிய பழத்தில் எந்த வித்தும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டு டப்பாக்கள் வேண்டும். ஒன்றைச் சமையலறை வெப்பத்திலும் மற்றொன்றைக் குளிரூட்டிய அறையிலும் வைக்கவும். கசப்பு அழுகல் முதல் டப்பாவில் விரைவில் வித்திடும். சாம்பல் பூஞ்சைக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சிதான் பிடிக்கும், நம் ஊர் வெப்பத்தில் அது வித்திடத் தயங்கும். ஒரே டப்பாவை வெப்பத்தில் வைத்துவிட்டு, சாம்பல் பூஞ்சை இல்லை என்று எழுதுவது தவறான முடிவு.

இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் விடை கிடைக்கும். வளையங்களில் பிசுபிசுப்பான ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புச் சொட்டுகள் வந்தால் கசப்பு அழுகல். முதலில் வெள்ளையாக முளைத்து நீலப்பச்சையாக மாறும் தூள், பெனிசிலியம் எக்ஸ்பான்சம் தரும் நீலப் பூஞ்சை. சாம்பல் பழுப்பு நிறப் பஞ்சு, பொட்ரைட்டிஸ் சினெரியா தரும் சாம்பல் பூஞ்சை. வெளிர்மஞ்சள் நிறத்தில் தடித்த கொப்புளங்கள் வட்டமாக வந்தால், மோனிலினியா தரும் பழுப்பு அழுகல். ஐரோப்பிய, ஆசியப் பழங்களில்தான் இதை எதிர்பார்க்கலாம். தோலுக்குள் புதைந்த கரிய ஊசித்தலைகள் கருப்பு அழுகலையோ வெள்ளை அழுகலையோ காட்டும். நீண்ட முரட்டு இழைகளின் நுனியில் கரும்பொட்டும், கீழே சாறு வடிதலும் இருந்தால் ரைசோபஸ்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. சொறி வெடித்த இடத்தில் டிரைக்கோதீசியம் என்ற பூஞ்சை பின்னால் வந்து குடியேறும்; அதுவும் இளஞ்சிவப்புத்தான். ஆனால் அது உலர்ந்த மாவுபோல் இருக்கும், கசப்பு அழுகலின் சொட்டு பிசுபிசுக்கும். அடுத்தது, எந்த அழுகலின் மேலும் கடைசியில் நீலப் பூஞ்சை வந்து உட்காரும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டு நடுவில் உள்ள பச்சைத் தூளைப் பார்த்துப் பெயர் எழுதுபவர்களுக்கு எல்லாப் பழத்திலும் ஒரே நோய்தான் தெரியும். அழுகல் புதிதாக முன்னேறும் ஓரத்தில் எது முளைக்கிறது என்பதையே கணக்கில் எடுக்கவும்.

10. பெயர் தெரிந்த பின் பழத்தை என்ன செய்வது

தோலோடு நிற்கும் சொறி, கரும்புகை, ஈப்புள்ளி ஆகியவை உள்ள பழத்தை விலை குறைத்து விற்கலாம். சொறி வெடித்த பழத்தை மட்டும் உடனே விற்றுத் தீர்க்க வேண்டும், வெடிப்பு மற்றப் பூஞ்சைகளுக்கு வாசல். சதைக்குள் இறங்கிய எதையும் விற்க வேண்டாம்.

நீலப் பூஞ்சை பிடித்த பழத்தில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாறு பிழியும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்தப் பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது அழுகலின் ஓரத்தைத் தாண்டி நல்ல சதைக்குள்ளும் பரவக்கூடியது, சூடாக்குவதால் முழுதும் அழியாதது. ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவு நெறியான கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. கடையில் அதை அளக்க வழியில்லை என்பதால் முழுப் பழத்தையும் எறிவதுதான் பாதுகாப்பு.

ஒதுக்கிய பழங்களை மாம்பழம், பப்பாளி அடுக்கிய மூலையில் திறந்த கூடையில் வைக்காதீர்கள். அவற்றைத் தாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோயும் கொலெட்டோட்ரைக்கம் பேரினத்தைச் சேர்ந்ததே. பையில் கட்டி அன்றைக்கே அப்புறப்படுத்தவும்.

மொத்த வியாபாரியிடம் முறையிடும்போது, கலைக்காத பெட்டியின் படம், ஒட்டுத்தாளின் படம், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த பழத்தின் படம், வெட்டிய பழத்தின் படம் ஆகிய நான்கையும் அனுப்பவும். தோட்டத்தில் தொற்றியதா, பொதிக்கும் இடத்தில் காயப்பட்டதா, நம் கடையில் கெட்டதா என்பதை அவற்றின் மூலம்தான் அவர் ஒப்புக்கொள்வார். கசப்பு அழுகலும் புல்ஸ் ஐயும் தோட்டத்திலேயே தொற்றுபவை. ஆனால் பெட்டியை வெயில்படும் நடைபாதையில் மூன்று நாள் அடுக்கி வைத்துவிட்டு அனுப்பும் படத்துக்கு எந்த வியாபாரியும் பணம் திருப்பித் தருவதில்லை. பெட்டி வந்த அன்றே படத்தை எடுத்துவிடுங்கள்.